இன்னொருக்காக் கேளுங்கோ

இன்று காலை தேநீரோடு உட்கார்ந்திருந்தபோது போனில் ஒரு படிவம் வந்தது. வவுனியாவில் நாங்கள் போகிற அங்கிலிக்கன் கோயிலின் செயலாளர் தம்பி அனுப்பியிருந்தார். அடுத்த மாதம் வருடாந்தப் பொதுக்கூட்டம். முன்மொழிபவர் பெயர், வழிமொழிபவர் பெயர், அதற்குக் கீழே முன்மொழியப்படுகிறவருக்கென்று இரண்டு சின்னக் கட்டங்கள். ஒன்றில் சம்மதம், மற்றதில் சம்மதமில்லை. படிவத்தோடு ஒரு செய்தியும் இருந்தது. "அன்ரி, மக்கள் வார்டனுக்கு உங்கட பேரைத்தான் எல்லாரும் சொல்லுகினம். ஓமோ இல்லையோ எண்டு இண்டைக்குச் சொன்னால் நல்லம்."

வார்டன் என்றதும் பாடசாலை விடுதியையோ மறியற்சாலையையோ நினைத்து என்மேல் இரக்கப்பட வேண்டாம். எங்கள் கோயில்களில் குருவானவருக்குக் கைகொடுக்க இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவரைக் குருவானவரே நியமிப்பார். மற்றவரைச் சபையார் வருடத்துக்கு ஒருமுறை கூடித் தெரிவு செய்வார்கள். அவர்தான் மக்கள் வார்டன். சம்பளம் கிடையாது. கூரை ஒழுகினால் முதலில் அவரைத்தான் தேடுவார்கள், ஒலிவாங்கி கீச்சிட்டாலும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கிடைக்கிற பெருமை என்னவென்றால், திருநாட்களில் ஆளுயரக் கோல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு குருவானவருக்கு முன்னால் நடந்து போகலாம். இதற்கும் ஆசைப்படுகிறவர்கள் இருப்பார்களா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அதை வாய்விட்டுச் சொல்கிறவர்களைத்தான் நான் கண்டதில்லை.

எந்தக் கட்டத்தைத் தொடுவது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். முன் கதவு காற்றுக்கு அடிபடாமல் ஒரு முதிரைக் கட்டை அதைத் தாங்கிக்கொண்டு கிடந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். உடம்பெல்லாம் வழுவழுவென்று சீவித் தேய்த்த கட்டை, ஒரு முனையில் மட்டும் வாள் அறுத்த சொரசொரப்பு. மாரி காலத்தில் கையில் எடுத்தால் இன்னும் மரத்தின் மணம் வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை உடைந்த உலக்கைத் துண்டு என்று நினைப்பார்கள். நான் திருத்துவதில்லை. திருத்தப் போனால் ஒரு கதை சொல்ல வேண்டும், அந்தக் கதையோ எனக்கே இன்னும் விளங்காதது. உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்காவது விளங்குகிறதா என்று பாருங்கள்.

மீள்குடியேற்றம் முடிந்த கையோடு எனக்குக் கிளிநொச்சியில் நியமனம் கிடைத்தது. நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்தில் அம்மாவின் கைச்சாப்பாட்டை விட்டு ஒரு வாரம்கூடப் பிரிந்திராத எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. தங்க இடமில்லாமல் அலைந்தபோது, எங்கள் கோயில் ஆட்கள் விசாரித்து ஜெபரத்தினம் அங்கிள் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தந்தார்கள். அங்கிள் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், கதை குறைவு. அவர் மிச்சம் வைத்த கதை முழுவதையும் அவருடைய மனைவி புஸ்பம் அன்ரி கதைத்துத் தீர்ப்பார். முதல் நாள் மத்தியானம் சோறு போடட்டுமா என்று அன்ரி கேட்டபோது நான் மரியாதைக்கு "வேண்டாம் அன்ரி, பசியில்லை" என்றேன். அவர் அதைக் காதில் வாங்காமல் சாப்பாட்டுக் கோப்பை நிறையப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நானும் வழித்துத் துடைத்துத் தின்றேன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். எனக்குத்தான் தேவையான நேரத்தில் ஞாபகம் வராமல் போனது.

கந்தோரில் என் முக்கியமான வேலை, கமக்காரர் கூட்டங்களில் அறிக்கை எழுதுவது. சிறுபோகத்துக்கு யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று காலையில் தொடங்கினால் மத்தியானம் தாண்டும். ஒருவர் எழும்பி நின்று சம்மதமில்லை என்பார். நான் எழுதுவேன். அடுத்த அரைமணியில் வெளியே தேநீர்க்கடையில் அவர் சமாதானமாகி இருப்பார், அது என் கொப்பியில் வராது. எங்கள் பொறியியலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். "பிள்ளை, ஆக்கள் என்ன நினைச்சவை எண்டு எழுதாதையும். என்ன சொன்னவை எண்டு எழுதும்." எனக்கு அது வேதவாக்கு. அந்தக் கந்தோரில் இரண்டு வருடம் நல்ல பெயரோடு இருந்தேன் என்றால் அந்த ஒரு வசனத்தால்தான்.

ஏ ஒன்பது வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்கு எங்கள் கோயில். அப்போது அது பாதிக் கோயில். இடுப்பளவு சுவர், புதுத் தகரம், யாரோ கொடுத்த நீலப் பிளாஸ்ரிக் கதிரைகள். பத்து மணிக்கு மேல் தகரம் சூடேறிப் படபடவென்று சத்தம் போடும். பிரசங்கம் நீண்டால் அதுதான் பாதருக்கு மணியடிக்கும். கதவு போடுவதற்கு முன்னரே கதவின் திறப்பு அங்கிளிடம் இருந்தது என்றால் சிரிப்பீர்கள். இடம்பெயர்ந்து போன காலமெல்லாம் பழைய கோயிலின் திறப்பைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் கதவுமில்லை, நிலையுமில்லை. அந்தத் திறப்பை வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டியிருந்தார். அவர்தான் மக்கள் வார்டன். எத்தனை வருடமாக என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பழைய கோல்களும் தொலைந்துவிட்டதால் இரண்டு புதுக் கோல்களை முதிரை மரத்தில் அவரே செய்தார். தச்சு வேலை தெரிந்தவரல்ல. மண்வெட்டிக்குப் பிடி போடுகிறவர் செய்த கோல் எப்படி இருக்கும்? உறுதியாக இருந்தது. ஒன்றை மற்ற வார்டனுக்கென்று பொதுவான அளவில் செய்தார். தன்னுடையதைத் தன் உயரத்துக்கு அளந்து செய்தார்.

அந்தக் கோயிலில் எனக்கு முன்னர் செயலாளராக இருந்தவர் தபால் கந்தோரில் வேலை பார்த்த ஓர் அண்ணை. அவர் மாற்றலாகிக் கொழும்புக்குப் போனதும், கூட்டம் எழுதிப் பழக்கப்பட்ட பிள்ளை, எழுத்தும் வடிவு என்று என்னைப் பிடித்தார்கள். செய்வீரா என்று பாதர் கேட்டார், நான் உடனே ஓம் என்றேன். சபையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். என் எழுத்து அவ்வளவு வடிவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாதரும் புதியவர்தான். மலையகத்திலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. யாரையும் எதற்கும் வற்புறுத்தக் கூடாது என்பதில் மிகவும் கவனமான மனிதர். இப்படி ஒன்றும் தெரியாத இரண்டு பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நடத்திய கூட்டம் அது.

கூட்டத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை அன்ரி உழுந்து ஊறவைத்தார். தெரிவு முடிந்ததும் வார்டன் வீட்டுத் தேநீரும் வடையும் கொடுப்பது அங்கே வழக்கம். அங்கிளோ அந்த வாரம் முழுவதும் முழங்கால் நோகிறது, இந்த முறை ஆரும் பொறுப்பெடுத்தால் நல்லம் என்று இரண்டு மூன்று தரம் சொல்லியிருந்தார். அதே அங்கிள் சனி பின்னேரம் முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கோலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். முழங்காலையும் பார்த்தேன், எண்ணெயையும் பார்த்தேன். ஒன்றும் யோசிக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் தொடங்கியது. ஜெபம், போன வருட அறிக்கை, அதற்குப் பிறகு தெரிவு. பாதர் பெயர்களைக் கேட்டார். முன் வரிசையில் ஒருவர் அங்கிளின் பெயரைச் சொன்னார், பின்னாலிருந்து இன்னொருவர் வழிமொழிந்தார். எல்லாம் எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி. பாதர் அங்கிளைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்டார். அங்கிள் எழும்பி முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம் பாதர். நான் கன வருசம் இருந்திட்டன். வேற ஆரையும் போடுங்கோ."

"சரிங்க ஐயா. உங்க விருப்பத்துக்கு மாறா நாங்க வற்புறுத்தக் கூடாது" என்று பாதர் உண்மையான மரியாதையோடு சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சபை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் குனிந்து சீ.ஆர். கொப்பியில் எழுதினேன்: 'திரு. ஜெபரத்தினம் முன்மொழியப்பட்டார். மறுத்தார்.' அடிமட்டத்தை வைத்து அதன் கீழே ஒரு கோடும் போட்டேன். நிமிர்ந்தால் இன்னும் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதி முடித்துவிட்டேனா என்று பார்க்கிறார்கள் என நினைத்து, முடித்தாயிற்று என்று தலையாட்டினேன்.

அங்கிள் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

அடுத்து இரும்புக்கடை அண்ணையின் பெயர். அவர் பதறி எழும்பி, தனக்குக் கடையை விட்டு அசைய ஏலாது என்றார். மறுத்தார், கோடு. அதற்கடுத்து ஒரு ரீச்சர். அவரும் மாட்டேன் என்றார். மறுத்தார், கோடு. தகரம் படபடக்கத் தொடங்கிவிட்டது. பாதர் வேறு யாராவது, வேறு யாராவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் என்று நினைக்கிறேன், யாரோ ஒருவர் எஸ்தர் அக்காவின் பெயரைச் சொன்னார்.

எஸ்தர் அக்கா ஜெயபுரத்திலிருந்து வருகிறவர். அவருடைய தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து அந்தப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்து, திரும்பிப் போகிற பஸ்ஸைத் தவற விடாமலிருக்கக் கடைசி வரிசையில் உட்கார்வார். அவர் வார்டனாக வரலாம் என்று அந்தக் கோயிலில் ஒருவரும் ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார்கள். பெயரைச் சொன்னவரும் நினைத்திருக்க மாட்டார். பாதர் கேட்டதும் எஸ்தர் அக்கா சின்னவனை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழும்பினார்.

"எல்லாரும் கேக்கிறீங்கன்னா நான் செய்யிறேன் பாதர்."

'சம்மதித்தார்' என்று எழுதினேன். பாதர்தான் முதலில் கைதட்டினார். பிறகு ஒவ்வொருவராகத் தட்டினார்கள். அங்கிளும் தட்டினார், அதை நான் கண்டேன். அதற்குப் பிறகு புஸ்பம் அன்ரி வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். நான் மூன்று வடை தின்றேன். நல்ல மொறுமொறுப்பு. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு நடந்து வருகிறபோது அன்ரி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்ரி பேசாமல் ஒரு மைல் நடந்தது அதுதான் முதல் தடவை. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, நான் போய்ப் பக்கத்தில் நின்று என்ன என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உமக்கு முதல் இருந்த தம்பி எண்டால் சொல்லுவார். 'பாதர், இன்னொருக்காக் கேளுங்கோ' எண்டு. ரெண்டாந்தரமும் இவர் வேண்டாம் எண்டு சொல்லுவார். அந்தத் தம்பி திருப்பியும் சொல்லுவார். மூண்டாந்தரம் கேட்கத்தான் இவர் தலையாட்டுறது. அது செயலாளற்ற வேலை பிள்ளை."

செயலாளரின் வேலை என்றால் எங்கே எழுதியிருக்கிறது? அறைக்குள் ஓடிப் போய்ப் பழைய கொப்பிகளைப் புரட்டினேன். ஒவ்வொரு வருடமும் ஒரே வசனம்: 'திரு. ஜெபரத்தினம் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்.' இரண்டு தரம் மறுத்ததும் இல்லை, மூன்று தரம் கேட்டதும் இல்லை. அந்தத் தபால் கந்தோர் அண்ணையைப் போல என்ன நினைத்தார்கள் என்று எழுதத் தெரிந்தவரிடமிருந்து, என்ன சொன்னார்கள் என்று மட்டும் எழுதத் தெரிந்த என்னிடம் கொப்பி வந்துவிட்டது. அப்போதுதான் நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் மத்தியானச் சோறு ஞாபகம் வந்தது. அன்ரி அன்றைக்கு என்னைப் போலக் கொப்பியும் கையுமாக இருந்திருந்தால் நான் பட்டினி கிடந்திருப்பேன்.

மற்றவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? அதையும் கேட்டேன். செயலாளர் கோடு போட்ட பிறகு யாராவது எழும்பிக் கேட்டால், அங்கிள்தான் சொல்லி வைத்துக் கேட்கப் பண்ணினார் என்று ஆகிவிடுமாம். அங்கிளுக்குக் கோபமா என்று கேட்டேன். அன்ரி துருவுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "எனக்கெண்டால் தெரியாது பிள்ளை. ஒருவேளை இந்த முறை மெய்யாத்தான் வேண்டாம் எண்டவரோ ஆருக்குத் தெரியும்" என்றார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கே தெரியாதென்றால் மூன்று மாதம் வாடகைக்கு இருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

அங்கிள் முகத்தில் ஒன்றும் இல்லை. வழமை போலக் காலையில் வயலுக்குப் போனார், மத்தியானம் வந்தார், பிள்ளை சாப்பிட்டாச்சோ என்று கேட்டார். அதற்குள் கோயிலுக்குப் போட்டிருந்த புதுக் கதவின் திறப்பை எஸ்தர் அக்காவிடம் அடுத்த ஞாயிறே கொடுத்துவிட்டார். கதவில்லாத பழைய திறப்பு மட்டும் ஆணியில் தொங்கியது. அது தொங்குகிற சுவரைத் தாண்டித்தான் நான் சாப்பிட உட்கார வேண்டும்.

அறுப்பின் பண்டிகை வந்தது. எஸ்தர் அக்கா கோலைப் பிடித்துக்கொண்டு பாதருக்கு முன்னால் நடந்தார். அங்கிளின் உயரத்துக்குச் செய்த கோல் அவருடைய தலைக்கு மேல் ஒரு சாண் நீண்டு, அவர் அதை உயர்த்திப் பிடித்ததில் தகரத்துக்குத் தாங்கு கொடுத்த குறுக்கு மரத்தில் டக்கென்று இடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். எஸ்தர் அக்காவும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அங்கிள் கோயிலுக்குப் போய் அந்தக் கோலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். முற்றத்தில் கதிரை மேல் வைத்து, சாணால் ஒரு தரம் அளந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டு, வாளால் அறுத்தார். முதிரை இலேசில் அறுபடாது. வியர்த்து ஒழுக நெடுநேரம் அறுத்தார். மஞ்சள் மரத்தூள் முழங்காலெல்லாம் அப்பியிருந்தது, அந்த நோகிற முழங்கால். நானும் அன்ரியும் குசினி வாசலில் நின்று பார்த்தோம். "அவாவின்ர உயரத்துக்கு இது சரிவராது" என்று மட்டும் சொன்னார். துண்டு விழுந்ததும் கோலின் அடியைத் தேய்த்து, பூண் போட்டு, தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அது பெருந்தன்மையா கோபமா என்று நானும் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் நினைப்பேன், எவ்வளவு நல்ல மனம், கேட்காமலே செய்து கொடுத்தாரே என்று. இன்னொரு நாள் நினைப்பேன், அறுத்த மரம் வளருமா, இனி அந்தக் கோலை அவர் பிடிக்கவே முடியாதபடி தன் கையாலேயே முடித்து வைத்தாரே என்று. இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. அந்தத் துண்டை அன்ரி எடுத்துக் குசினிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், எஸ்தர் அக்கா நல்ல வார்டனாக இருந்தார். ஜெயபுரம் பஸ் வந்து சேருகிற நேரத்துக்கு ஏற்ப ஆராதனையை அரைமணி பிந்தி வைக்கலாமா என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து மேலும் மூன்று குடும்பங்கள் வரத் தொடங்கின. சுகமில்லாத வீடுகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார். கடைசி வரிசையில் இருந்தவர்கள் நடுவுக்கு வந்தார்கள். ஒரு மனிதருக்கு நான் செய்த பிழையால் ஒரு கோயிலுக்கு நன்மை நடந்தால் நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? பிழை என்று சொன்னால் எஸ்தர் அக்காவுக்கு அநியாயம், சரி என்று சொன்னால் அங்கிளுக்கு அநியாயம். நான் இரண்டும் சொல்லாமல் அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வருடக் கூட்டம் வந்தது. இந்த முறை அங்கிளின் பெயர் வரட்டும், மூன்று தரமல்ல முப்பது தரம் கேட்கப் பண்ணுகிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆனால் முதலில் வந்தது எஸ்தர் அக்காவின் பெயர். அவர் எழும்பினார். ஒரு வருடத்தில் அவருக்கும் யாரோ வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது உண்மையாகவே களைத்திருந்தாரோ, அதுவும் தெரியாது. "வேண்டாம் பாதர், இந்தத் தடவை வேற யாரையாவது போடுங்க" என்றார்.

சபை என்னைத் திரும்பிப் பார்த்தது. இப்போது எனக்கு அந்தப் பார்வையின் பொருள் தெரியும். தெரிந்துதான் என்ன? கேளுங்கோ என்று சொன்னால் அங்கிளுக்கு வழி அடைபடும். சொல்லாமலிருந்தால் போன வருடம் அவருக்குச் செய்ததையே இவருக்கும் செய்கிறேன். பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, சபைக்குள்ளிருந்து ஒரு கதிரை நகருகிற சத்தம் கேட்டது. அங்கிள் எழும்பி நின்றார்.

"பாதர், இன்னொருக்காக் கேளுங்கோ."

பாதர் கேட்டார். எஸ்தர் அக்கா தலையை ஆட்டி மறுத்தார். அங்கிள் உட்காரவில்லை. "இன்னொருக்கா" என்றார். மூன்றாம் தரம் கேட்டபோது எஸ்தர் அக்கா தலை குனிந்து சரி என்றார். சபை மூச்சு விட்டது, யாரோ சிரித்தார்கள், தட்டில் எஸ்தர் அக்கா சுட்டுக் கொண்டுவந்த வாய்ப்பன் வந்தது. நான் எழுதினேன்: 'ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்.' அவ்வளவுதான் எழுதினேன். என்ன சொன்னார்கள் என்பதை நான் எழுதாத முதல் அறிக்கை அது.

அவர் எஸ்தர் அக்காவுக்காகக் கேட்டாரா, எனக்குக் காட்டுவதற்காகக் கேட்டாரா, அல்லது யாரோ ஒருவர் அந்த வார்த்தைகளைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாகக் காத்திருந்தாரா? எனக்கு மாற்றல் வந்து வவுனியாவுக்கு வெளிக்கிட்ட நாள் பஸ் நிலையத்தில் துணிந்து கேட்டேன். அங்கிள் என் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றார். "அங்கிள், அண்டைக்கு நீங்கள் மெய்யாவே வேண்டாம் எண்டுதான் சொன்னனீங்களோ?"

அவர் வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீர் எழுதினதுதானே பிள்ளை."

பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கித் தந்தார். கனகராயன்குளம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரிடமும் நான் ஒரு தரம்தான் கேட்டிருக்கிறேன். இரண்டாம் தரம் கேட்கவில்லை.

பிறகு கேட்க வாய்ப்பில்லாமல் போனது. சில வருடம் கழித்து அங்கிள் காலமானார். செத்தவீட்டுக்குப் போனேன். பெட்டிக்கு முன்னால் எஸ்தர் அக்கா அந்தக் குறைத்த கோலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அளவு கச்சிதமாக இருந்தது. அதன் பிறகு அன்ரி வீட்டைப் பூட்டிக்கொண்டு கனடாவில் இருக்கும் மகளிடம் போனார். போகிறபோது வவுனியாவில் இறங்கி என்னைப் பார்த்து, கைப்பையிலிருந்து இந்தக் கட்டையை எடுத்துத் தந்தார். ஏன் எனக்கு என்று அவரிடமும் நான் கேட்கவில்லை. பழக்கம் அப்படி.

இப்போது அந்தக் கோயிலுக்கு மாபிள் பதித்துவிட்டார்கள், மின்விசிறிகள் சுற்றுகின்றன. அங்கேயும் இதே படிவம்தான் என்று கேள்வி. பெயர்கள் முன்கூட்டியே வருகின்றன, சம்மதமும் முன்கூட்டியே வருகிறது. கூட்டத்தில் யாரும் கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. பத்து நிமிடத்தில் முடிகிறது. ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. நல்ல ஒழுங்குதான், நான் குறை சொல்லவில்லை. என்னைப் போன்ற செயலாளர்களிடமிருந்து ஆட்களைக் காப்பாற்ற வந்த ஒழுங்கு.

தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. போனை நிமிர்த்தி, கட்டங்களைத் தொடாமல், செயலாளர் தம்பிக்கு எழுதினேன். "எனக்கேன் தம்பி. வேற ஆரையும் பாருங்கோ."

அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "ஓகே அன்ரி, பிரச்சினை இல்லை. குறிச்சிட்டன்." கூடவே ஒரு கட்டைவிரல். நல்ல பிள்ளை. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். இன்னும் ஏதாவது வருமோ என்று பார்த்தேன். வரவில்லை.

எனக்கு வார்டனாக ஆசை இருந்ததா என்று கேட்கிறீர்களா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. இன்னொருக்காக் கேட்டிருந்தால், அதற்கு மேலும் ஒரு தரம் கேட்டிருந்தால், மூன்றாம் தரம் என் வாயில் என்ன வருகிறதென்று பார்த்து நானே அறிந்திருப்பேன். அங்கிளுக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்குமோ? கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றாரே. தன் மனதைத் தானே அறிந்துகொள்ள அவருக்கு இன்னும் இரண்டு தரம் மிச்சமிருந்தது. நான் அடிமட்டத்தை வைத்துக் கோடு போட்டுவிட்டேன்.